வீட்டு முகப்புப் பாத்திக்கு ஏற்ற குறுஞ்செடிகள்

வீடு கட்டி முடித்ததும் முன்சுவரின் அடியில் நான்கைந்து அடி அகலத்தில் ஒரு பாத்தி எடுத்து, அதில் அழகுச் செடிகளை வைக்கும் வழக்கம் இப்பொழுது கிராமங்களிலும் பரவியிருக்கிறது. ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் முதலிய பொதுக் கட்டிடங்களின் முகப்பிலும் இத்தகைய பாத்திகளைக் காணலாம். நெல்லுக்கும் கரும்புக்கும் இடைவெளி அளந்து நடும் விவசாயி, இந்தச் சிறு பாத்தியில் மட்டும் அளவைக் கருதுவதில்லை. நட்ட ஆண்டில் அழகாயிருக்கும் பாத்தி மூன்றாம் ஆண்டில் புதராகிவிடுவதற்கு இதுவே காரணம்.

புதரான பாத்தியால் விளையும் தீங்கு கண்ணுக்கு மட்டும் அன்று. இலைகள் சுவரைத் தொட்டு நிற்பதால் மழைக்குப் பின் சுவர் உலருவதில்லை. சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜன்னல் மறைந்து அறைக்குள் காற்றும் வெளிச்சமும் குறைகின்றன. எலி வளை வைத்த இடத்தைத் தேடிப் பாம்பு வருகிறது. ஆகையால் முகப்புப் பாத்திக்குச் செடி தெரிந்தெடுப்பது, வீட்டின் பாதுகாப்பைச் சார்ந்த காரியமாகும்.

1. வளர்ந்தபின் உள்ள அளவே அளவு

நாற்றுப் பண்ணையில் ஒரு முழ உயரமுள்ள தொட்டிச் செடிகள் பல தினுசாக வரிசையில் நிற்கும். அவை யாவும் ஒரே அளவினவாகத் தோன்றும். ஆனால் அவற்றுள் ஒன்று இரண்டடியில் நிற்பது. மற்றொன்று எட்டடிக்கு மேல் வளர்வது. வாங்கும்போது இருக்கும் உயரத்தைப் பார்த்துத் தெரிந்தெடுத்தால் பாத்தி கெடும். மூன்றாம் ஆண்டில் செடி அடையும் உயரத்தையும் பரப்பையும் கேட்டறிந்து, அதற்கு இடம் உண்டா என்று அளந்து பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

உயரத்திற்கு வரம்பு ஜன்னலின் அடிக்கட்டை. வீட்டின் மட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடியும், ஜன்னல் அடிக்கட்டை அதற்கு மேல் இரண்டரை அடியும் இருக்குமாயின், தரையிலிருந்து ஜன்னல் நான்கு அடி உயரத்தில் தொடங்குகிறது. அப்பாத்தியில் பின்வரிசைச் செடி மூன்றடிக்கு மேற்படாதிருத்தல் நலம். எஞ்சிய ஓரடி, கத்தரிக்கக் காலந் தாழ்ந்தாலும் ஜன்னலை மறைக்காதிருப்பதற்கு உரியது.

அகலத்திற்கு விதி எளிது. செடியின் முழுப் பரப்பில் பாதியைக் கணக்கிட்டு, அதனோடு ஓரடி கூட்டினால், சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடவேண்டும் என்பது கிடைக்கும். இரண்டடி பரவும் செடியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நடுதல் வேண்டும். அப்பொழுது சுவருக்கும் இலைக்கும் நடுவே ஓரடி எப்பொழுதும் வெறுமையாயிருக்கும். அவ்வோரடியில் செடியும் வைக்கலாகாது. வைக்கோல், சருகு முதலிய மூடாக்கும் இடலாகாது. அவை கறையானை அழைக்கும். சிறு ஜல்லி பரப்பிவிடலாம். பாத்தியின் மண் மட்டம் வீட்டு மட்டத்திற்குக் குறைந்தது அரையடி தாழ்ந்திருப்பதும் அவசியம்.

2. திசையும் வெளிச்சமும்

கிழக்கு நோக்கிய முகப்பில் காலை வெயில் படும். பிற்பகலில் வீட்டின் நிழல் விழும். பெரும்பாலான குறுஞ்செடிகளுக்கு இதுவே நல்ல இடம். மேற்கு முகப்பில் பிற்பகல் வெயிலும், அவ்வெயிலால் காய்ந்த சுவரின் வெப்பமும் சேர்ந்து செடியைத் தாக்கும். மெல்லிய இலைச் செடிகள் அங்கே பங்குனி, சித்திரையில் கருகிவிடும்.

வடக்கு, தெற்கு முகப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. சித்திரை நடு முதல் ஆடி இறுதி வரை நண்பகற் சூரியன் தமிழ்நாடு முழுவதும் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மற்றக் காலத்தில் தெற்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே தெற்கு முகப்புப் பாத்திக்கு மார்கழி, தை மாதங்களில் வெயில் மிகுதி. வடக்கு முகப்புக்கு அம்மாதங்களில் முழு நிழல். கோடையில் மட்டும் நேர் வெயில். தை மாதத்தில் பார்த்து, ‘இது நிழற்பாத்தி’ என்று எண்ணி வடக்கு முகப்பில் வைத்த மென்செடிகள் வைகாசியில் தீய்வதற்கு இதுவே காரணம்.

தாழ்வாரத்தின் இறப்பையும் கவனித்தல் வேண்டும். இறப்புக்கு உட்பட்ட இடத்தில் அடைமழையிலும் மண் நனைவதில்லை. இறப்பு நீர் விழும் கோட்டிலோ, மண் அரித்து வேர் வெளிப்படும். அக்கோட்டின் மேல் எச்செடியையும் நடாமல், நீர் ஓடுவதற்கு ஆழமற்ற வாய்க்கால் விடுதல் நலம்.

3. சுவரடி மண்

முன்சுவரின் அடியில் கிடப்பது பெரும்பாலும் மண் அன்று. கட்டட வேலையில் விழுந்த செங்கல் துண்டும், சுண்ணாம்பும், சிமெண்டுக் காரையுமே. இவற்றால் மண் காரத்தன்மை கொள்கிறது. அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. இதனால் மிகவும் வருந்துவது இட்லிப்பூச் செடி. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் அதன் இளந்தளிர் வெளுத்துக் காணுமாயின், அது எருக் குறைவால் நேர்ந்தது அன்று. சுண்ணாம்பின் மிகுதியால் நேர்ந்தது. எவ்வளவு எரு இட்டாலும் அது மாறாது. குளியலறைச் சோப்பு நீரைப் பாய்ச்சுவதும் இக்குறையை வளர்க்கும்.

சுவரை ஒட்டிய ஓரடியைத் தோண்டாமல் விட்டு, மற்றப் பகுதியில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் காரைக் கழிவை அகற்றிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புதல் வேண்டும். அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய வீடுகளில் பாத்தி முழுவதும் தோண்டலாகாது. செடிக்கு ஒரு குழியாக ஓரடி ஆழம் எடுத்தாற் போதும். தளிர் வெளுத்த செடிக்கு, லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளித்தால் பசுமை திரும்பும்.

4. மாறுபாடு என்பது யாது

பல நிறப் பூக்களைச் சேர்த்துவிட்டால் அழகு வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். பூ சில மாதங்களே நிற்கும். இலை ஆண்டு முழுவதும் நிற்கும். ஆகவே குறுகிய பாத்தியில் இலையைக் கொண்டே மாறுபாடு அமைத்தல் வேண்டும். அது மூன்று வகையால் அமையும். முதலாவது நிறம்: கரும்பச்சைக்கு முன் மஞ்சளோ செம்மையோ நிற்பது. இரண்டாவது இலையின் அளவு: நுண்ணிலைக்கு அருகே அகன்ற இலை. மூன்றாவது நிற்கும் பாங்கு: திரண்டு குவிந்த செடிக்கு அருகே வாள்போல் நிமிர்ந்தது.

மூன்று தினுசுக்கு மேல் ஒரு பாத்தியில் வைக்கலாகாது. பத்து தினுசுகளை ஒவ்வொன்றாக நட்டால், அது நாற்றுப் பண்ணையின் மாதிரி வரிசை போலிருக்குமேயன்றிப் பாத்தியாகாது. ஒரே தினுசை வரிசையாக நட்டு, அதன் முன் வேறொரு தினுசை வரிசையாக நடுவதே கண்ணுக்கு அமைதி தரும். குரோட்டன் போலத் தன் இலையிலேயே பல நிறம் காட்டும் செடிக்குத் துணையாகத் தனிப்பச்சைச் செடி வருதல் வேண்டும். குரோட்டனுக்கு அருகே மற்றொரு வண்ணக் குரோட்டனை வைத்தால் இரண்டும் எடுபடா.

சுவரின் நிறமும் இதிற் சேரும். வெள்ளையடித்த சுவருக்கு முன் கரும்பச்சையும் செவ்விலையும் விளங்கித் தோன்றும். மஞ்சட் காவி பூசிய சுவருக்கு முன் மஞ்சள் இலை மறைந்துபோம். பூசாத செங்கற் சுவருக்கு முன் செவ்விலை தெரியாது. அங்கே இளமஞ்சளும் வெள்ளைக்கோடிட்ட இலையும் ஏற்றவை. மேலும், குரோட்டன், மஞ்சள் டுராண்டா ஆகியவற்றின் வண்ணம் வெயிலால் வருவது. நிழலில் வைத்தால் அவை நாளடைவில் பச்சையாகிவிடும். வண்ணத்திற்காகக் கொடுத்த விலை வீணாகும்.

5. ஏற்ற செடிகள்

கருநொச்சி: நம் நாட்டில் நெடுங்காலமாக வேலியோரத்தில் வளர்க்கப்படுவது. குறுகிய நீண்ட கரும்பச்சை இலையும், கருஞ்சிவப்புச் சாயலுள்ள தண்டும் உடையது. கத்தரித்தலை நன்கு தாங்கும்; இரண்டு முதல் மூன்று அடிக்குள் எளிதில் அடக்கலாம். அரை நிழலிலும் வளரும். போத்து நட்டாலே வேர்பிடிப்பதால் செலவு மிகக் குறைவு. பின்வரிசைக்கு இதைவிட ஏற்றது அரிது.

குள்ள இட்லிப்பூ: தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடுவதாகப் பழந்தமிழ் இலக்கணம் கூறும் வெட்சி இதுவே. லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு இக்சோரா என்னும் பெயரை வழங்கினார். சாதாரண ஜாதி ஐந்தாறு அடி உயர்ந்துவிடும். சிற்றிலைக் குள்ளத் தினுசு இரண்டடி அளவில் நிற்கும். மேற்கூறிய சுண்ணாம்புக் குறைக்கு இலக்காவதால், சுவரிலிருந்து மூன்றடிக்கு அப்பால் மட்டும் நடுதல் வேண்டும்.

கனகாம்பரம்: ஒன்று முதல் மூன்று அடி உயரம். பளபளப்பான கரும்பச்சை இலை. அரை நிழலிலும் பூக்கும். அழகோடு வீட்டுப் பெண்களுக்குச் சூடப் பூவும் தருவது இதன் தனிச் சிறப்பு. டெல்லி கனகாம்பரம் விதை தராது. போத்து வைத்தே பெருக்குதல் வேண்டும். வேரில் நூற்புழு தாக்கும் இயல்புடையதாதலின், நடுமுன் குழிக்கு ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு இடுதல் நலம்.

நித்தியகல்யாணி: மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. ஒன்று முதல் இரண்டு அடி. கடும் வெயிலையும் நீர்க்குறைவையும் தாங்கும். ஆடுமாடுகள் கடிப்பதில்லை. இதன் இலையிலிருந்து இரத்தப் புற்றுநோய் முதலியவற்றுக்கு மருந்து எடுக்கப்படுகிறது. ஆயினும் நஞ்சுடைய செடியாதலின் கைவைத்தியத்திற்கு உட்கொள்ளலாகாது. நீர் தேங்கும் பாத்தியில் அழுகிவிடும்.

சிற்றிலைக் குரோட்டன்: மலேயாத் தீவுகளையும் பசிபிக் தீவுகளையும் சேர்ந்தது. குரோட்டன் வகைகளுள் அகன்ற இலைத் தினுசுகள் ஆறடிக்கு மேல் உயரும். முகப்புப் பாத்திக்குக் குறுகிய இலையுள்ள மெதுவாக வளரும் தினுசே தகும். சாறு துணியிற் கறைப்படுத்தும்; சிலருக்குத் தோலில் அரிப்பும் உண்டாக்கும்.

மஞ்சள் டுராண்டா: கத்தரிக்கக் கத்தரிக்க அடர்ந்து, பொன்னிறத் தளிர் விடும். கவனியாது விட்டால் ஆளுயரம் கடந்துவிடும். ஆண்டில் ஆறேழு முறையாவது கத்தரிக்க இயலாதவர் இதை வைக்கலாகாது. பழம் நஞ்சுடையது, ஒழுங்காகக் கத்தரித்துவரின் காய்ப்பது அரிது.

ஓரச் செடிகள்: ஆல்டர்னாந்திரா செவ்விலையிலும் மஞ்சட் பச்சையிலும் கிடைக்கும், அரையடி உயரத்தில் கரை கட்டுவதற்கு உரியது. அடியில் ஊதாநிறங் கொண்ட ரோயோ வெயில், நிழல் இரண்டையும் தாங்கும். வெள்ளைக்கோடிட்ட குளோரோபைட்டம் நிழலுக்கே உரியது. நிமிர்ந்த வாள்போன்ற இலைகொண்ட மருள், நீர் எட்டாத மூலைகளுக்கு மிக ஏற்றது.

6. விலக்க வேண்டியவை

அரளி, தங்கரளி ஆகியவற்றின் எல்லாப் பாகமும் கொடிய நஞ்சு. கத்தரித்த கிளையை வாசலில் எறிந்து, அதை மாடு தின்றாலும் உயிருக்கு ஆபத்து. கால்நடை கட்டும் வீட்டிலும் சிறுவர் பயிலும் பள்ளியிலும் இவை கூடா. உண்ணிச்செடியைப் பூவின் அழகுக்காக வைப்பதும் தவறு. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுச் செடியாக வந்த அது, இன்று காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடியிருக்கிறது. அதைத் தின்ற மாடுகளுக்குக் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கும். அக்கலிபா, செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவை நல்ல செடிகளே. ஆனால் ஆறடிக்கு மேல் வளர்வதால் அவற்றின் இடம் சுற்றுச்சுவர் ஓரமேயன்றி ஜன்னலின் அடி அன்று.

7. மாதிரிப் பாத்தி

24 அடி முகப்பில் நடுவே 4 அடி வாயிற்படிக்கு விட்டால், இருபுறமும் 10 அடி நீளமுள்ள இரு பாத்திகள் கிடைக்கும். அகலம் 5 அடி எனக் கொண்டால், சுவரை ஒட்டி 1 அடி வெறுமை. அடுத்த 2 அடி பின்வரிசை. அடுத்த 1¼ அடி நடுவரிசை. கடைசி ¾ அடி ஓரம். பின்வரிசையில் இரண்டடிக்கு ஒன்றாக 5 செடி. நடுவரிசையில் ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக 8 செடி. ஓரத்தில் ஆல்டர்னாந்திராவாயின் அரையடிக்கு ஒன்றாக 20 போத்து. இருபுறமும் சேர்த்துக் குத்துச்செடிகள் 26 மட்டுமே. நட்ட முதலாண்டில் இடைவெளி மிகுந்து தோன்றும். அதைக் கண்டு மேலும் செடி சொருகுவதே கேட்டின் தொடக்கம். இடைவெளியில் கீரையோ செண்டுப்பூவோ ஒரு பருவம் வைத்துக்கொள்ளலாம்.

கிழக்கு முகப்பு: பின்னே கருநொச்சி, நடுவே மஞ்சள் டுராண்டா, ஓரத்தில் செவ்விலை ஆல்டர்னாந்திரா.

மேற்கு, தெற்கு முகப்பு: பின்னே சிற்றிலைக் குரோட்டன், நடுவே வெண்பூ நித்தியகல்யாணி, ஓரத்தில் மஞ்சட் பச்சை ஆல்டர்னாந்திரா.

வடக்கு முகப்பு: பின்னே கருநொச்சி, நடுவே கனகாம்பரம், ஓரத்தில் ரோயோ, ரோயோவை முக்காலடிக்கு ஒன்றாக நடுதல் வேண்டும். ஆண்டு முழுவதும் வெயில் படாத ஆழ்ந்த தாழ்வாரமாயின் ரோயோவுக்குப் பதில் குளோரோபைட்டம்.

8. நெருங்கிய பாத்தியைச் சீர்திருத்தல்

புதிதாகப் பாத்தி எடுப்போரைக் காட்டிலும், முன்னரே நெருங்கிப்போன பாத்தியை உடையோரே மிகுதி. அவர்கள் செடி வாங்குமுன் செய்யவேண்டியது, உள்ளதைக் குறைப்பது. முதலில் ஒரு தாளில் பாத்தியின் நீள அகலத்தையும், ஜன்னல், வாயில் இருக்கும் இடத்தையும், ஒவ்வொரு செடியையும் குறித்துக்கொள்க. சுவரைத் தொடுவது, ஜன்னலை மறைப்பது, நஞ்சுடையது ஆகிய மூன்றையும் முதலில் அகற்றுக. பின்னர் எஞ்சியவற்றுள் ஒரு தினுசை முதன்மையாகக் கொண்டு, அதனோடு ஒவ்வாதவற்றை வேறிடத்திற்கு மாற்றுக.

மாற்றுவதற்கு ஐப்பசியில் மழை தொடங்கிய பின் உள்ள காலம் ஏற்றது. செடியைப் பாதியாகக் கத்தரித்து, வேரைச் சுற்றி மண் உதிராமல் கட்டி எடுத்தல் வேண்டும். முதிர்ந்த குரோட்டன் இடம் மாற்றினால் இலை உதிர்க்கும்; ஆதலின் முன்னதாகவே அதன் நுனிக் கிளைகளில் காற்றுப் பதியன் கட்டி, வேர்விட்ட பின் வெட்டி நட்டு, தாய்ச்செடியை அகற்றிவிடுவது உறுதியான முறை. வெளியேறும் செடிகள் வீணாக வேண்டியதில்லை. சுற்றுச்சுவர் ஓரத்திலும் பள்ளி வளாகத்திலும் அவற்றுக்கு இடம் உண்டு.

9. பராமரிப்பு

நீரைச் சுவரின் பக்கம் பாய்ச்சாது, செடியின் வெளிப்புறத்தில் பாய்ச்சுதல் வேண்டும். வேரும் அப்புறமே படரும். ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் தையிலும், செடிக்கு இரண்டு கை மக்கிய எரு போதும். எரு மிகுந்தால் செடி உயர்ந்து கத்தரிக்கும் வேலையே பெருகும். கத்தரிக்கும்போது அடிப்பாகம் அகன்றும் தலைப்பாகம் குறுகியும் இருக்கும்படி செய்க. தலை அகன்றால் அடியிலை வெயிலின்றி உதிர்ந்து, வெறுங்காம்பு தெரியும். குரோட்டனில் மாவுப்பூச்சி கண்டால் லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

பொதுக் கட்டிடங்களின் பாத்திகளைப் பார்க்கும் கிராம அதிகாரிகள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். விழா நாளில் நட்ட செடிக்குப் பின்னர் நீர் ஊற்றுவோர் யார் என்பது முன்னரே தீர்மானிக்கப்படவில்லையாயின், கருநொச்சியும் நித்தியகல்யாணியும் மருளும் தவிர மற்றவற்றை வாங்காதிருப்பதே பொதுப்பணத்திற்குப் பாதுகாப்பு. எவ்விடத்திலும், ஜன்னலை அளந்து, திசையைப் பார்த்து, சுவருக்கு ஓரடி விட்டு, மூன்று தினுசுகளைப் போதிய இடைவெளியில் நட்டால், முகப்புப் பாத்தி பல ஆண்டுகள் அழகு குன்றாமலும் வீட்டுக்குக் கேடு விளைக்காமலும் நிற்கும்.